பூந்திக்கொட்டையா, சோப்பு–சோடாத் தூளா?

தருமபுரிப் பக்கம் பெரும்பாலும் போர்வெல் உப்புத் தண்ணீர்தான். அதனால் துணி துவைக்க என் ஓட்டு பூந்திக்கொட்டைக்கே.

பார் சோப்பைத் துருவி, சலவை சோடா கலந்த தூள் மாதக்கணக்கில் கெடாது, சரி. ஆனால் சோப்பு, தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகத் துணியில் ஒட்டும். கறுப்புச் சட்டை சாம்பல் பூக்கும். சோடா அதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

பூந்திக்கொட்டை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். விதையை நீக்கி, தோலை இரவில் ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து, ஆறியதும் பிசைந்தால் பழுப்புச் சாறு நுரைத்து வரும். அதிலுள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள், சோப்பைப்போலத் திப்பி கட்டாது. பட்டுப்புடவைக்குக் கண்டிப்பாக இதுதான். சோடாவின் காரம் பட்டிழையைக் கெடுத்துவிடும். சாறு சில நாளில் புளித்துவிடும், அவ்வப்போது காய்ச்சுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் சோடாத் தூளை வெந்நீரில் கரைத்து ஊறவையுங்கள்.