கிட் கிட்டாரின் நெக்கைக் கழற்றி மறுபடி ஒட்டி, இரண்டு வருடம் பாவித்த பிறகு

பாகங்களை நாமே பொருத்திக்கொள்ளும் கிட் கிட்டார் ஒன்று விலை இறங்கியிருக்கிறதே, அந்தக் கிட்டை வாங்கலாமா என்று பண்டாரவளையிலிருந்து நண்பர் கேட்டிருக்கிறார். லெஸ் பால் வடிவ எலக்ட்ரிக் கிட்டார், பாடியில் பசையால் ஒட்டுகிற நெக் (கழுத்துப் பகுதி), 22 ஃபிரெட் (நெக்கின் முகப்புப் பலகையான ஃபிரெட்போர்டில் பதித்த உலோகக் கம்பிகள்), இரண்டு ஹம்பக்கர் (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்), டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் (பாடி மேல் தந்திகளைத் தாங்கும், உயரம் மாற்றக்கூடிய பாலம்), 628 மி.மீ. தந்தி நீளம். பெட்டிக்குள் என்ன வரும் என்று அவருக்கே தெரியும். அதனால் நெக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த கிட்டாரில் கோபம் வருவதும் அங்கேதான், ஆசை வருவதும் அங்கேதான்.

நெக்கின் கழுந்து (பாடிக்குள் இறங்கும் முனை) உட்காரும் பாக்கெட்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள். அகலத்தில் 0.8 மி.மீ. லூஸ். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். கழுந்தின் நீளம் 75 மி.மீ. அதில் 0.8 சரிந்தால் அரைப் பாகைக்கு மேல் திரும்பிவிடும். பாடியின் விளிம்பு 16ஆவது ஃபிரெட்டில். அங்கிருந்து பிரிட்ஜுக்கு 249 மி.மீ. இருப்பதால் நெக்கின் நடுக்கோடு பிரிட்ஜில் 2.7 மி.மீ. விலகிப் போகிறது. கடைசி ஃபிரெட்டுக்குப் போகும்போது முதல் தந்தி ஏறத்தாழ 1.9 மி.மீ. ஓரத்துக்கு வந்துவிடும். விளிம்பில் மொத்தமே 3 மி.மீ. சொச்சம்தான் இருக்கிறது. விரலை அழுத்தி இழுத்தால் தந்தி ஃபிரெட்போர்டை விட்டு வெளியே விழுகிறது.

சாய்வும் பிழையாய்ப் போனது. பாக்கெட்டின் அடியில் பசை திரண்டு நின்றதால் நெக் பின்பக்கம் சாய வேண்டிய அளவுக்குச் சாயவில்லை, 1 பாகை குறைவு. பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் அது 4.3 மி.மீ. பிரிட்ஜை அடி வரை இறக்கினாலும் 12ஆவது ஃபிரெட்டில் தந்தி 4 மி.மீ. உயரத்திலேயே நின்றது. அங்கே 2 மி.மீ.க்கு மேல் இருந்தாலே விரல் வலிக்கும்.

இரண்டில் பக்க விலகல் மட்டும்தான் என்றால் நெக்கைத் தொட வேண்டாம். பிரிட்ஜ் தூண் துளைகளை மரக்குச்சி வைத்து அடைத்து, சரியான இடத்தில் புதிதாகத் துளை போட்டால் போதும். பிக்கப் காந்தமுனைகளுக்கு மேலே தந்தி கொஞ்சம் தள்ளி ஓடும், பெரிய குறையில்லை. சாய்வும் சேர்ந்து பிழைத்திருந்தால் கழற்றத்தான் வேண்டும்.

ஆவி விட்டுப் பசையை இளக்கித்தான் கழற்றுவது, அதனால் முதலில் என்ன பசை என்று பார்க்க வேண்டும். சாதாரண வெள்ளை, மஞ்சள் மரப்பசை 65 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். எபொக்சி என்றால் ஆவியை நம்ப வேண்டாம். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, அங்கே ஆவி போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போதும்.

தந்திகளையும் நெக் பக்கத்துப் பிக்கப்பையும் கழற்றி, டிரஸ் ராடைத் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) தளர்த்திவிடுங்கள். பிக்கப் குழிக்குள் பார்த்தால் கழுந்தின் முனையும் பசைக் கோடும் கண்ணுக்குத் தெரியும், ஆழத்தை அங்கேயே அளந்துகொள்ளலாம். 19ஆவது ஃபிரெட்டை சோல்டரிங் அயனால் சூடாக்கி மெதுவாகப் பிடுங்குங்கள். சூடாக்காமல் இழுத்தால் மரம் சில்லுச் சில்லாகப் பெயரும். அந்தப் பள்ளத்தில் நடுவிலிருந்து இரு பக்கமும் 8 மி.மீ. தள்ளி, பாக்கெட்டின் அடி வரை 2.5 மி.மீ. துளை இரண்டு. நடுவில் போடவே கூடாது, டிரஸ் ராட் அங்கேதான் ஓடுகிறது.

பாடிக்கு மேல் கிடக்கும் ஃபிரெட்போர்டு பகுதியில் ஈரத்துணி போட்டு, உடுப்பு தேய்க்கும் அயனை வைத்துச் சூடாக்கி, மெல்லிய புட்டி பிளேடை அடியில் விடுங்கள். பிறகு ஆவி. பிரஷர் குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு அந்த மூக்கில் சிலிக்கன் குழாய், குழாயின் மறுமுனையில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி. பாதுகாப்பு வால்வு திறந்து வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊசி அடைத்துக்கொண்டால் உடனே அடுப்பை அணையுங்கள். தடித்த கையுறை கட்டாயம். துளைக்குத் துளை மாற்றி மாற்றி 5 நிமிடம் விட்டு, வெளியே வரும் தண்ணீரை அப்போதைக்கப்போது துடைக்க வேண்டும். பழைய லாக்கர் பூச்சு என்றால் வெள்ளை பூத்துவிடும். பாலியூரிதேன் தாங்கும்.

ஃபிரெட்போர்டை நெக்கோடு பிடித்திருப்பதும் இதே மாதிரிப் பசைதான் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஆவி அதையும் இளக்கும். 12ஆவது ஃபிரெட்டுக்கு மேலே இரண்டு கிளாம்ப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். அசைவு தெரிந்ததும் நெக்கை மேல்நோக்கி ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். பக்கவாட்டில் திருகினால் பாக்கெட்டின் சுவர் பிளந்துவிடும்.

இந்த நெக்கைக் கழற்றியபோது உள்ளே பசை கண்ணாடி மாதிரி இல்லை, சுண்ணாம்புத் தூளாக இருந்தது. நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. ஜனவரி மாதம், நுவரெலியாவில், இரவில் ஒட்டிய மூட்டு. மரப்பசைக்குக் குறைந்தது 10 பாகை வெப்பம் வேண்டும். அதற்குக் கீழே அது படலமாகக் கூடாது, வெள்ளையாகத் தூளாகிவிடும். கிட்டோடு வந்த விளக்கத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பாக்கெட் லூஸைக்கூட மன்னித்துவிடலாம், அந்த ஒரு வரி இல்லாததை மன்னிக்க முடியவில்லை. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கும் பிள்ளைகள் வாங்குகிற சாமான் இது.

கழற்றியதும் ஒட்ட அவசரப்பட வேண்டாம். மரம் ஊதியிருக்கும். இரண்டு நாளுக்கொரு முறை பாக்கெட் அகலத்தை அளந்து, அளவு மாறாமல் நின்ற பிறகுதான் அடுத்த வேலை. ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை பெய்கிற மழையில் இதற்கே இரண்டு கிழமை போகும். அடுப்பங்கரையில் வைத்துக் காயவிட்டால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து நெளியும்.

காய்ந்த பசை மேல் புதுப் பசை பிடிக்காது. சூடான வினிகரைத் தடவி ஊறவிட்டு, உளியால் மரம் தெரியும் வரை சுரண்டி எடுங்கள். பக்க லூஸுக்கு மஹோகனி வெனீர் (மெல்லிய மரத்தகடு), கழுந்தின் முழு நீளத்துக்கும், இழை நெக்கின் போக்கிலேயே. அடியில் ஆப்பு: 1 பாகைக்கு 75 மி.மீ. நீளத்தில் 1.3 மி.மீ. பிக்கப் பக்கம் 1.3, பாடி விளிம்புப் பக்கம் பூச்சியம். திருப்பி வைத்தால் பிழை இரட்டிப்பாகும். ஃபிரெட்போர்டு முனைக்கு அடியில் விழும் இடைவெளிக்கும் அதே மாதிரி ஒரு மெல்லிய ஆப்பு.

பசையில்லாமல் பொருத்தி, நட்டின் (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் பட்டை) முதல், ஆறாம் தந்திப் பள்ளங்களிலிருந்து பிரிட்ஜுக்கு இரண்டு தங்கூசி (நைலோன் நூல்) கட்டுங்கள். 22ஆவது ஃபிரெட்டில் இரு ஓரமும் சமமாக இருக்க வேண்டும். ஃபிரெட்டுகள் மேல் நேரான இரும்பு ஸ்கேலை வைத்தால் பிரிட்ஜ் தூண் பக்கத்தில் அதன் அடி பாடியிலிருந்து 12, 13 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். பசை பூசியதும் கழுந்து வழுக்கும். இரண்டு மூன்று உப்புக் கல்லைப் பொடித்து நடுவில் தூவினால் நின்றுவிடும். நல்ல வெயில் நேரத்தில், மரத்தையும் அறைக்குள் சூடேறவிட்டு ஒட்டுங்கள். கிளாம்ப் இறுக்கிய பிறகு தங்கூசியை இன்னொரு முறை பாருங்கள். 24 மணி நேரத்துக்குத் தந்தி ஏற்றக் கூடாது. 10 நம்பர் தந்தி செட் ஏறியதும் நெக்கை 45 கிலோ அளவு இழுக்கும்.

இதெல்லாம் செய்து இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. தந்தி உயரம் 1.8 மி.மீ., அசையவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை டிரஸ் ராடில் கால் சுற்று, அவ்வளவுதான். நெக்கின் பின்வளைவு உள்ளங்கையில் உட்காரும் விதம் மூன்று மடங்கு விலையுள்ள கிட்டாரிலும் கிடைக்காது. கோயில் பாட்டுக்கும் கல்யாண வீட்டு பைலாவுக்கும் ஒரே கிட்டார் போதுமாக இருக்கிறது. பிக்கப் சுமார்.

ஆனாலும் அண்ணே, வாங்க வேண்டாம். விலை இன்னும் இறங்கினாலும் வேண்டாம். முதல் கிட் என்றால் நாலு ஸ்க்ரூவில் நெக் நிற்கிற டெலிகாஸ்டர் வகை வாங்குங்கள். அதில் சாய்வு பிழைத்தால் ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு வெனீர் துண்டு வைத்துப் பத்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம்.

கேட்கும் முன்பே வாங்கிவிட்டீர்கள் என்றால் பசைப் போத்தலைத் திறக்காதீர்கள். தங்கூசி இரண்டையும் கட்டி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஓரம் ஒத்துவரவில்லை என்றால் பாடியையும் நெக்கையும் ரயிலில் ஹட்டனுக்குக் கொண்டு வாருங்கள். வெனீரும் கிளாம்பும் இங்கே இருக்கிறது.