பழைய பெட்டியோடு சிம் லிம் போன கதை

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நம் ஆட்கள் சிலர், சிங்கப்பூர் போனால் கணினிப் பாகம் வாங்கி வரச் சொல்லி இன்னமும் பட்டியல் கொடுத்து அனுப்புகிறார்கள். விலைக்காக என்றால் அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2024 தொடக்கத்திலிருந்து பொருள், சேவை வரி 9 விழுக்காடு. அதை விமான நிலையத்தில் திரும்பப் பெறும் திட்டம் சுற்றுப்பயணிகளுக்குத்தான். சிங்கப்பூரின் சிவப்புக் கடப்பிதழை இன்னும் விடாமல் வைத்திருக்கும் என் போன்றவர்களுக்குக் கிடையாது. ஆனால் பழைய கணினியை ஓர் ஆளிடம் திறந்து காட்டி, எதை மாற்றலாம், எதை விடலாம் என்று நேரில் கேட்க வேண்டுமென்றால் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்துக்கு ஈடாக ஓர் இடம் எனக்குத் தெரியாது.

போனது அக்கா மகனின் கேமிங் கணினிக்காக. ஓ லெவல் தேர்வு முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். அக்கா 1,000 வெள்ளிக்கு மேல் ஒரு காசு தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவனுக்கோ எல்லாமே புதிதாக வேண்டும். ஈசூன் வீட்டில் அவனிடம் இருந்தது 2019இல் வந்த ரைசன் 3 3200ஜி பிராசசர், பி450 மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. பவர் சப்ளை கேஸோடு இலவசமாக வந்தது.

முதலில் நுழைந்த கடையில் அவன் வாய் திறப்பதற்குள் ஒரு பேக்கேஜ் தாளை நீட்டினார்கள். புதுத் தலைமுறை ஏஎம்5 போர்டு, அதற்கேற்ற டிடிஆர்5 ரேம், 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, கண்ணாடிக் கேஸ், கலர் கலராக விளக்கு. விலை அக்கா சொன்னதை எங்கோ தாண்டிவிட்டது. பவர் சப்ளை என்ற இடத்தில் வெறுமனே ‘650 வாட்’ என்று மட்டும் இருந்தது. எந்த பிராண்டு என்று கேட்டேன். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றார் கடைக்காரர். கேமிங் கணினித் தாளில் பவர் சப்ளைக்குப் பெயர் இல்லையென்றால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட வேண்டியதுதான். பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் 80 பிளஸ் முத்திரைகூட மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், உள்ளே போட்ட சரக்கு எப்படிப்பட்டது என்று சொல்லாது.

விலை ஏறியதற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2025 கடைசியில் ரேம் விலை தறிகெட்டு ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, மைக்ரான் நிறுவனம் க்ருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்ததையே நிறுத்தப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் புது டிடிஆர்5 செட் வாங்கினால் கார்டு வாங்கக் காசு மிஞ்சாது.

மேல்மாடியில் இன்னொரு கடை. ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வரும் தமிழ்ப் பையன் ஒருவர் அங்கே இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, “அண்ணே, பழைய பெட்டியில என்ன போர்டு?” என்பதுதான். சொன்னதும், “அப்படியே தூக்கிட்டு வாங்க, போர்டை மாத்த வேணாம்” என்றார். மறுபடி போனபோது பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். விசிறி இதழ்களில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது, கூடவே சாம்பிராணி வாசம். அக்கா வீட்டில் கணினி இருப்பது சாமி மாடத்துக்கு நேர் கீழே. அவர் சிரித்துக்கொண்டே பிளோயரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் யோசனை எளிமையானது. அதே பி450 போர்டில், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால் ரைசன் 5 5600 பிராசசர் உட்காரும். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட், பெட்டியிலேயே கூலரும் வரும். பயாஸைப் பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும், கழற்றிய பிறகு என்றால் திரையில் ஒன்றும் வராது. இணையத்தில் மலிவாகத் தெரியும் 5500ஐ மருமகன் காட்டினான். பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் மெமரி 5600இல் உள்ளதில் பாதிதான், சில விளையாட்டுகளில் அடி வாங்கும் என்று தள்ளிவிட்டார்.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில்தான் நேரம் போனது. கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பிசிஐஇ என்று பெயர், பி450 போர்டில் அது மூன்றாம் தலைமுறைதான். ஆர்டிஎக்ஸ் 5060 போன்ற கார்டுகள் அந்தப் பாதையின் எட்டு லேனில் (தடத்தில்) மட்டும் பேசும். பழைய போர்டில் அந்தப் பாதை இன்னும் குறுகிப்போகும். கார்டின் சொந்த மெமரி 8 ஜிபி நிரம்பி, மிச்சத்தை ரேமிலிருந்து இழுக்கும்போதுதான் அது தெரியும், படம் திக்கித் திக்கி ஓடும். இன்டெல் ஆர்க் பி580இல் 12 ஜிபி இருக்கிறது, விலையும் நல்ல விலை. ஆனால் 5600 போன்ற பிராசசரோடு சேர்ந்தால் அது தன் முழு வேகத்தைக் காட்டுவதில்லை. கடைசியில் பதினாறு லேனும் 16 ஜிபியும் உள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி என்று முடிவானது. இதிலும் ஒரு சூட்சுமம்: இதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறார்கள். விலைப்பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரி, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பெட்டியைக் கையில் வாங்கி எண்ணைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பவர் சப்ளை, பெயருள்ள 650 வாட் ஒன்று. பூட்டிக் கொடுக்க, பயாஸ் புதுப்பிக்க, தூசி தட்ட எல்லாம் சேர்த்து 40 வெள்ளிதான். பெர்த்தில் இந்தக் காசுக்கு யாரும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்க மாட்டார்கள். பயாஸ் புதுப்பித்ததில் ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பு அழிந்து, 3200 வேக ரேம் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் அவரே கவனித்து மாற்றினார், நாங்கள் கேட்கவில்லை.

ரேமுக்கு இன்னொரு 8 ஜிபி வேண்டும். ஒற்றை ரேமை இரட்டையாக்கினாலே வேகம் கூடும். புதிது வாங்க மனசு வரவில்லை. ஆட்கள் பழைய பொருள் விற்கும் கேரோசெல் செயலியில் அதே ரகத்தைப் பிடித்தோம். கைமாற்றியது எம்ஆர்டி ரயில் நிலையத் தடுப்புக் கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றபடி. விற்றவர் வெளியே வந்தால் கட்டணம் என்று உள்ளேயே நின்றுவிட்டார். பழைய 60 ஹெர்ட்ஸ் திரையில் இந்தக் கார்டை மாட்டுவது வீண் என்பதால், 24 அங்குல 165 ஹெர்ட்ஸ் திரை ஒன்றையும் அதே வழியில் வாங்கினோம். அது அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கைமாறியது. அங்கேயே செருகிப் போட்டுக் காட்டும்படி கேட்டோம், காட்டினார்.

தனி ஆளிடம் வாங்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பழுதான பொருள் வாங்கியவரைக் காக்க 2012இல் வந்த லெமன் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்வார்கள். பழுதில்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது உண்டு, தனி ஆள் விற்றதற்குக் கிடையாது. கார்டு உத்தரவாதம் வேறு கணக்கு. பெட்டியில் உள்ளூர் விநியோகிப்பாளர் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் பழுதானால் கடைக்காரர் பெரும்பாலும் அவர்களிடம்தான் அனுப்புவார். அதனால் ரசீதை அக்கா பெயரிலேயே போடச் சொன்னேன். நான் பெர்த்திலிருந்து வந்து வரிசையில் நிற்க முடியாதே.

கடன் அட்டை என்றால் சில விழுக்காடு கூடுதல் என்றார்கள், வங்கிக் கணக்கிலிருந்து நேரே போகும் பேநவ்வில் கொடுத்தோம். அக்கா தந்த காசில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. 500 ஜிபி எஸ்எஸ்டி அப்படியேதான் இருக்கிறது. இரண்டு பெரிய விளையாட்டு போட்டாலே நிறைந்துவிடும் என்று மருமகன் இப்போதே புலம்புகிறான். அதை அவன் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார்.