பேமிலி லிங்க்: எட்டு மாதம் பாவித்துப் பார்த்த பிறகு

கனடாவில் இருந்து வந்த மாமா மூத்தவனுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அவனுக்கு 11 வயது. கிளிநொச்சி டவுனில் ஒரு கடையில்தான் அதைத் தயார் செய்து எடுத்தோம், கடைத் தம்பி மளமளவென்று ஒரு ஜிமெயில் திறந்து, பிறந்த ஆண்டைக் கேட்டபோது ஏதோ ஒரு ஆண்டைத் தட்டிவிட்டார். கூகுள் கணக்கில் என் பிள்ளை 25 வது வயதில் இருக்கிறான் என்பது எனக்குப் பல மாதம் தெரியாது.

ஒரு நாள் இரவு பத்தரை இருக்கும், நுளம்பு வலைக்குள் வெளிச்சம் தெரிந்தது. காதில் இயர்போன், துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. நான் ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தேன். வளர்ந்த ஆம்பிளைக் குரல் ஒன்று, "தம்பி, உங்கட பள்ளிக்கூடம் பரந்தன் பக்கமோ, ஒரு போட்டோ அனுப்புங்கோவன்" என்று நல்ல தன்மையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இவன் பள்ளிக்கூடத்தின் பெயரை ஏற்கெனவே சொல்லிவிட்டான். எனக்குக் கை நடுங்கியது. அவனை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அதனால்தான் மற்றதையும் அடுத்த நாள் காலையில் அவனே சொன்னான்.

அதற்குப் பிறகு போட்டதுதான் கூகுளின் பேமிலி லிங்க், பிள்ளையின் போனை நாங்கள் எங்கள் போனில் இருந்தே கட்டுப்படுத்தும் ஒரு அப். இலவசம். பழைய கணக்கை விட்டுவிட்டு, போனை முழுதாக ரீசெட் செய்து, உண்மையான பிறந்த திகதியோடு பிள்ளைக்குப் புதுக் கணக்குத் திறந்தேன். எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது, ஆனால் இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் மிச்சமெல்லாம் லேசு.

எனக்கு மிகவும் பிடித்தது அனுமதி கேட்கும் வசதி. அவன் பிளே ஸ்டோரில் எதை இறக்கப் பார்த்தாலும் என் போனுக்குக் கேட்டு வரும், நான் ஓம் என்றால்தான் இறங்கும். முதல் மாதம் தினமும் நாலைந்து வரும். ஒவ்வொன்றையும் இருவரும் சேர்ந்து பார்ப்போம், உள்ளே முன்பின் தெரியாதவர்களோடு கதைக்கலாமா என்று தேடுவோம். இப்போது அவனே "அம்மா, இதில சட் இருக்கு, வேண்டாம்" என்கிறான். இரவு ஒன்பதுக்குப் போன் தானாகப் பூட்டும்படி வைத்திருக்கிறேன், பூட்டியிருந்தாலும் வரும் அழைப்பை எடுக்கலாம். ஒவ்வொரு அப்புக்கும் தனித்தனியாக நேரமும் வைக்கலாம்.

எங்கள் பக்கம் சிக்னல் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையின் போனில் டேட்டா இல்லாவிட்டால் நான் புதிதாக மாற்றுவது அங்கே போய்ச் சேராது, இணைப்பு வந்த பிறகுதான் சேரும். ஆனால் பூட்டிய போனை அவசரத்துக்குத் திறக்க என் அப்பில் ஒரு இலக்கம் இருக்கிறது, அது பிள்ளையின் போனில் டேட்டா இல்லாமலே வேலை செய்யும். நான் வேலையில் நிற்கும்போது அம்மம்மாவுக்கு அழைத்து அந்த இலக்கத்தைச் சொல்லுவேன், அவர் தட்டித் திறந்து கொடுப்பார்.

இது செய்யாத ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள். யார் என்ன எழுதி அனுப்பினார்கள் என்பதை இது காட்டாது. வட்ஸ்அப்புக்குள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவே தெரியாது. ரியூசன் குறிப்புகள் வட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன, அதனால் அந்தக் குழு என் போனில் இருக்கிறது. குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் 'என் தொடர்புகள்' என்று மாற்றியும் வைத்திருக்கிறேன், நீங்களும் மாற்றுங்கள்.

வீட்டுக்கே ஒரு போன்தான், அதுவும் அம்மாவினுடையது என்றால் பேமிலி லிங்க் உங்களுக்குப் பொருந்தாது. தருமபுரத்தில் இருக்கும் என் தங்கச்சி வீட்டில் அப்படித்தான். அவளுக்கு வேறு வழி செய்து கொடுத்தேன்: பிளே ஸ்டோரின் பெற்றோர் கட்டுப்பாட்டில் ஒரு பின் நம்பர், சின்னவளுக்கு யூரியூப் கிட்ஸ், போனைக் கொடுக்கும்போது அந்த ஒரு அப்பை மட்டும் திரையில் பூட்டி வைக்கும் 'அப் பின்னிங்'. அது செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும்.

அந்தக் குரலுக்குரிய கணக்கை விளையாட்டுக்குள்ளேயே முறைப்பாடு செய்து தடுத்தோம், அதற்கு முதல் திரையைப் படம் பிடித்து வைத்தோம். உங்கள் பிள்ளைக்கு இப்படி நடந்தால் எதையும் அழிக்காதீர்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 க்கு அழையுங்கள். எங்கள் வீட்டில் அந்த இலக்கம் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, அவனுடைய எழுத்தில்.