எடிட்டருக்குப் பணம் கொடுத்து எழுதிய மூன்று ஆண்டுகள்

சங்கரன்கோவில் நெசவுக் குடும்பம் ஒன்றைப் பற்றிய என் முதல் நாவலை 2021 கடைசியில் எழுதி முடித்தேன். 52,000 சொற்கள். நண்பர்கள் ஆறு பேர் படித்தார்கள். ஆறு பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டு பதிப்பகங்களிலிருந்து பதிலே வரவில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதற்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அதிலிருந்து இன்றுவரை இரண்டு எடிட்டர்கள், இரண்டு கைப்பிரதிகள், 61,000 ரூபாய்.

முதலில் கிடைத்தவர் பக்கத்துக்கு 40 ரூபாய் கேட்டார். 225 பக்கம், 9,000 ரூபாய். ஒன்பதே நாளில் பிரதி திரும்பி வந்தது. ஒற்றுப் பிழைகள் எல்லாம் சரியாகியிருந்தன. நான் நெடுகிலும் 'சுவற்றில்' என்று எழுதியிருந்ததை 'சுவரில்' என்று ஓரிடம் விடாமல் மாற்றியிருந்தார். அதற்கு இன்றும் நன்றி உண்டு. ஆனால் தாத்தா பேசும் "என்னல சொல்லுத" என்பது "என்னடா சொல்கிறாய்" ஆகியிருந்தது. 225 பக்கத்திலும் இதே கதி. அந்த உரையாடல்களைப் பழையபடி மீட்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கதையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கேட்டபோது, "கதை உங்கள் விருப்பம்தானே" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "எடிட் செய்து தாருங்கள்" என்றுதான் நானும் கேட்டிருந்தேன். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன: மெய்ப்புப் பார்ப்பது, அதாவது எழுத்துப் பிழை திருத்துவது; வாக்கியங்களைச் செம்மை செய்வது; கதையின் கட்டுமானத்தைப் பார்ப்பது. தமிழ்ப் பதிப்புலகில் பெரும்பாலும் முதல் வேலைக்குத்தான் கூலி என்ற ஒன்று உண்டு. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கைப்பிரதியை ஆசிரியரோடு சேர்ந்து வரிவரியாகச் செப்பனிட்டவர் என்று பெயர் பெற்றார். 2020 நவம்பரில் மறைந்தார். அப்படிப்பட்ட உழைப்பை ஒரு புது எழுத்தாளன் எங்கே போய்க் கேட்பான்?

எனக்கு மதுரையில் கிடைத்தது. பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா. முழுப் பிரதியை வாங்கவே மறுத்துவிட்டார். "பத்துப் பக்கம் மட்டும் அனுப்புங்கள் தம்பி. நான் வேலை பார்க்கும் விதம் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். பணம் பிறகு பேசலாம்" என்றார். அந்தப் பத்துப் பக்கத்துக்கு வந்த குறிப்புகள் நாலு பக்கம் இருந்தன.

முதலில் முழுக் கதையையும் படித்து மதிப்பீடு: 8,000 ரூபாய், பாதி முன்பணம். அதில் அக்கா சொன்னவை: கதையை மூன்றாம் அத்தியாயத்தில் தொடங்கலாம், அண்ணன் மனைவிக்கு நாவலில் ஒரு வேலையும் இல்லை, கடைசி இருபது பக்கம் அவசரமாக முடிகிறது. மூன்றுமே உண்மை. திருத்தி எழுத ஏழு மாதம் ஆனது. அதற்குப் பிறகே வரிவரியான எடிட்டிங், 20,000 ரூபாய்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். தாத்தா தறியை விற்க முடிவெடுக்கும் இரவு. "ஆச்சியின் கண்களில் இனம்புரியாத சோகம் நிழலாடியது" என்று எழுதியிருந்தேன். அக்கா அந்த வரியை அடிக்கவில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி: "அப்போது ஆச்சியின் கை என்ன செய்துகொண்டிருந்தது?" இரண்டு நாள் எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு என் ஆச்சி சாயங்காலங்களில் ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றுவது, அதாவது தறிக்கான ஊடை நூலைச் சிறு குழல்களில் சுற்றுவது, நினைவுக்கு வந்தது. மாற்றி எழுதினேன்: "நெய்ய ஆளில்லாத தறிக்கு ஆச்சி விடியும்வரை தார் சுற்றினாள். கூடை நிறைந்துவிட்டது." திரும்பி வந்த பிரதியில் அந்த வரிக்குப் பக்கத்தில், "இது போதும், அடுத்த பத்தியை எடுத்துவிடுங்கள்" என்று இருந்தது. எடுத்துவிட்டேன். அந்தக் கேள்வி இப்போது எழுதும்போதே கூட வந்து உட்கார்ந்துகொள்கிறது. கொடுத்த பணத்தில் பாதி அதற்கே தகும்.

குறைகளும் உண்டு. ஆறு வாரம் என்றார், பதினோரு வாரம் ஆனது. நீண்ட வாக்கியம் அவருக்குப் பிடிக்காது. கண்டால் இரண்டாக உடைத்துவிடுவார். தெரு நெடுக நூலை நீட்டிப் பாவு ஓட்டும் காட்சியில் அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம் வைத்திருந்தேன். அது நீளமாக இருந்தால்தான் தெருவும் நீளமாக இருக்கும் என்று வாதாடினேன். "உங்கள் புத்தகம், உங்கள் முடிவு" என்று விட்டுக்கொடுத்தார். அச்சில் அப்படியே வந்திருக்கிறது.

இரண்டாவதாக ஒரு சிறுகதைத் தொகுப்பு. மதிப்பீடும் எடிட்டிங்கும் சேர்த்து 24,000. இந்த முறை எத்தனை சுற்று, எந்தத் தேதி, வட்டார வழக்கைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் மின்னஞ்சலில் முதலிலேயே எழுதிக்கொண்டோம். தாமதம் ஒரு வாரம்தான். மதிப்பீட்டில் வந்த குறைகளும் முன்பைவிடக் குறைவு. அதனால் அடுத்த பிரதிக்கு மதிப்பீடு மட்டும் போதும் என்று இருக்கிறேன்.

புதிதாக எடிட்டர் தேடுகிறவர்கள் மாதத்தையும் கவனியுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால் அக்டோபருக்கு மேல் நல்ல எடிட்டர் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. என் மூன்றாவது பிரதி ஜூன் மாதமே மதுரைக்குப் போகிறது, வழக்கம்போல் முதலில் பத்துப் பக்கம்.