ஏலக் கணக்கும் எழுத்தளவும்: விண்டோஸ் 11இன் பெரிதாக்கும் வசதிகள்

கேரள எல்லையோரத்தில் குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்கள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். நாற்பதைத் தாண்டியதும் வந்த வெள்ளெழுத்தைக் கண்ணாடி போட்டுச் சமாளித்து வந்த எனக்கு, பழைய மடிக்கணினியை மாற்றிய பிறகு கண்ணாடியும் போதவில்லை. இரண்டும் 15.6 அங்குலத் திரைதான். ஆனால் பழையதில் 1366 x 768 புள்ளிகள் இருந்தன. புதியதில் அதே பரப்பில் 1920 x 1080 புள்ளிகள் இருக்கின்றன. ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 புள்ளிகள் இருந்த இடத்தில் 141 நெருங்கி உட்கார்ந்துவிட்டதால், எழுத்து கூர்மையாகி, கூடவே சிறுத்தும் போய்விட்டது. ரெசல்யூஷனை, அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துக்கொள்ளுமாறு சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்ய வேண்டாம். திரையின் இயல்பான புள்ளிக் கணக்கோடு படம் பொருந்தாமல் போவதால், பெரிதாகும் எழுத்து லோயர் கேம்ப் மலைப்பாதை மூடுபனிக்குள் நிற்பது போல மங்கித்தான் தெரியும்.

விண்டோஸ் 11 இதற்கென்றே ஸ்கேல், டெக்ஸ்ட் சைஸ், மேக்னிஃபையர் என்று மூன்று வசதிகளை வைத்திருக்கிறது. மூன்று மாதங்களாக மூன்றையும் அன்றாட வேலையில் பயன்படுத்திப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

முதலில் தொட வேண்டியது, செட்டிங்ஸின் டிஸ்ப்ளே பகுதியில் உள்ள ஸ்கேல். எழுத்து, பொத்தான், படம் எல்லாவற்றையும் இது ஒரே விகிதத்தில் பெரிதாக்குகிறது. திரையின் முழுக் கூர்மையும் அப்படியே இருக்கிறது. ஆனால் இதற்கு விலையாக இடத்தைக் கொடுக்க வேண்டும். 125 சதவீதம் வைத்தால் 1536 x 864 புள்ளித் திரையில் கொள்ளும் அளவும், 150 வைத்தால் 1280 x 720 திரையில் கொள்ளும் அளவும்தான் கண்ணில் படும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் அன்றாட விலையை எக்செல் தாளில் எழுதிவைப்பவன் நான். தேதி, ஏல நிறுவனம், லாட் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை என்று வரிசையாகப் போய், எல்லாரும் கேட்கும் அதிகபட்ச விலையும் சராசரி விலையும் கடைசியில்தான் வரும். ஸ்கேலை 150க்கு ஏற்றியபோது என் தாளில் அந்த இரண்டு பத்திகளே திரைக்கு வெளியே போய்விட்டன. 125இல் எல்லாம் அடங்கிவிடுகிறது. விரும்பிய எண்ணை நாமே கொடுக்கும் வழியும் உண்டு. அதற்கு ஒருமுறை கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும்.

ஆக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கும் டெக்ஸ்ட் சைஸ், எழுத்தை மட்டும் 100இலிருந்து 225 சதவீதம் வரை பெருக்கும். நழுவு பட்டையை இழுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் உள்ள அப்ளை பொத்தானையும் அழுத்த வேண்டும். மெனுவும் சாளரத் தலைப்பும் நன்றாகவே பெருக்கின்றன. பழைய பாணியில் எழுதப்பட்ட மென்பொருள்கள் பலவும் இந்த அளவைக் கண்டுகொள்வதில்லை. நான் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளும் அந்த ரகம்தான். தமிழுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் சொல் தமிழில் எட்டெழுத்தாக நீள்வதால், அளவை மிக ஏற்றினால் குறுகிய பெட்டிகளில் சொல்லின் வால் வெட்டுப்படும். 110, 115 என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

என் மனத்தைக் கவர்ந்தது மேக்னிஃபையர்தான். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருக்கும் இந்தக் கருவியை நான் இத்தனை ஆண்டுகள் திறந்துகூடப் பார்த்ததில்லை. விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் திறக்கும். அதே விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் மூடும். முழுத்திரையாக வைத்தால் சுட்டி போகும் திசையெல்லாம் திரையும் ஓடி, கால் மணி நேரத்தில் தலை சுற்ற வைத்துவிடுகிறது. மேலே ஒரு பட்டையாக நிறுத்தும் முறை, எண்களை ஒப்பிடும் வேலைக்கு ஓரளவு உதவுகிறது. கண்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் லென்ஸ் முறைதான் அருமை. நகைக்கடைக்காரர் கையிலுள்ள பூதக்கண்ணாடி போல, சுட்டி இருக்கும் இடத்தை மட்டும் பெருக்கிக் காட்டும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை கூடுதலாகவே தெரியும். தோட்டத்துக்கு நிலக்கரம் கட்டிய ரசீது மலையாளத்தில் வருகிறது. கூலிப் பட்டியலைத் தமிழில் எழுதுகிறோம். மலையாளக் கூட்டெழுத்துகளில் பல ஒன்றின் கீழ் ஒன்று அடுக்கி நிற்பவை. எழுத்து சிறுத்தால் கீழடுக்கு வெறும் கறையாகத் தெரிகிறது. தமிழில் ஆபத்து புள்ளியிலும் கொம்பிலும் இருக்கிறது. மெய்யின் புள்ளி மறைந்துவிடும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுபோலத் தோன்றும். 'செட்டு' என்பதும் 'சேட்டு' என்பதும் அவசரத்தில் இடம் மாறிவிடும். பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும்போது 200 சதவீத லென்ஸை வரிமேல் நகர்த்திக்கொண்டு போனால் இந்தக் குழப்பம் இல்லை. மேலே போகப் போகத் தெளிவு குறைகிறது; திரையில் ஏற்கெனவே வரைந்த படத்தைத்தான் இது பெருக்குகிறது என்பதால், 400ஐத் தாண்டினால் எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டாகின்றன. ஓரங்களை மெழுகும் தெரிவு ஒன்று உண்டு. அது படிக்கட்டைப் போக்கிவிட்டு மங்கலைத் தருகிறது. 1600 சதவீதம் வரை போகலாம் என்றாலும், அந்த அளவில் ஒரு சொல்லைக்கூட முழுதாகப் படிக்க இயலாது.

இப்போது என் கணினியில் ஸ்கேல் 125, எழுத்து 110, லென்ஸ் 200 என்று நிலைத்துவிட்டன. இணையப் பக்கங்களை மட்டுமே படிப்பவர்களுக்கு இவ்வளவும் தேவைப்படாது. உலாவியில் கண்ட்ரோலோடு கூட்டல் குறி போதும், பழைய அளவுக்குத் திரும்பக் கண்ட்ரோலோடு பூஜ்யம்.