பூர்வீகம் தேட எது முதலில்: பத்திரமா, ஞானஸ்நானப் பதிவேடா, கார்டியன் மனுவா?

குமரி மாவட்டத்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பீரோவில் இருக்கும் பழைய பத்திரத்தில்தான் தொடங்குகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் அடுத்தது கோயிலில், அதாவது சர்ச்சில், இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு. மைனர் பிள்ளைக்குக் காப்பாளரை நியமிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் போட்ட கார்டியன் மனுவைத் தேடிப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கு அது பெரிய வருத்தம்.

ஞானஸ்நானப் பதிவேட்டைப் பொறுத்தவரை தேதி கிடைக்கும், பெற்றோர் பெயர் கிடைக்கும். பெரும்பாலும் ஞானப் பெற்றோர் பெயரும் கிடைக்கும். அந்தப் பிள்ளை பிறகு யார் வீட்டில் வளர்ந்தது என்று அதில் இருக்காது.

பத்திரத்தில் சர்வே எண், எல்லை, விற்றவர், வாங்கியவர் எல்லாம் இருக்கும். ஆனால் பங்கு இல்லாதவர் அதில் வரவே மாட்டார். சொத்து தாய்வழியில் போகும் மருமக்கள் வழிக் குடும்பங்களில் காரணவர், அதாவது குடும்பத்தை நிர்வகிக்கும் மூத்த ஆண், பெயர் முன்னால் நிற்கும், தகப்பனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தச் சொத்துரிமை முறையை மாற்றிய, நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கான திருவிதாங்கூர்ச் சட்டம் வந்தது கொல்லம் ஆண்டு (பழைய திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் வரும் மலையாள ஆண்டு) 1101இல். அதற்கு முந்தைய பத்திரத்தைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை உள்ள தேதி என்றால் 824தான் கூட்ட வேண்டும். 1101 ஆவணி என்பது 1925 ஆகஸ்ட்-செப்டம்பர்.

கார்டியன் மனு வேறு ரகம். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 10ஆவது பிரிவு மனுவில் என்னென்ன எழுத வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: மைனரின் பெயர், மதம், பிறந்த தேதி, வசிக்கும் இடம். பெண் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் கணவன் பெயரும் வயதும். சொத்து எங்கே இருக்கிறது, சுமாராக என்ன மதிப்பு. பிள்ளை இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது. நெருங்கிய உறவினர் யார் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள். கடைசியாக, மனு போட என்ன காரணம். தகப்பன் இறந்தது, அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் வந்த தகராறு எல்லாம் இந்தக் காரணத்தில்தான் வெளியே வரும். தாய்மாமன், அத்தை, கட்டிக்கொடுத்த ஊர் என்று ஒரே காகிதக் கட்டுக்குள் இவ்வளவு உறவும் வேறு எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

ஒரு எச்சரிக்கை. ஒரு பிள்ளைக்கு 18 வயதுக்கு முன்பே நீதிமன்றம் கார்டியனை நியமித்திருந்தால், இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 21 வரை அந்தப் பிள்ளை மைனராகவே இருந்தது. 1999இல்தான் அது மாறியது. ஆகவே பழைய காகிதத்தில் 'மைனர்' என்று பார்த்ததும் 18க்குக் கீழே என்று கணக்குப் போட்டுப் பிறந்த ஆண்டை எழுதிவிடாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. சொத்தில்லாத வீட்டுக்கு இப்படி மனு இருப்பது அபூர்வம். பழைய கட்டுகளை விதிப்படி அழித்தும் விடுவார்கள். மனு எண்ணும் ஆண்டும் தெரியாமல் நாகர்கோவில் கோர்ட்டில் நகல் கேட்பதும் லேசில்லை.

அதனால் என் யோசனை, பத்திரத்தில் தொடங்குங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். 'மைனருக்காகத் தாயும் கார்டியனுமான' என்று ஒரு வரி வந்தால், கோர்ட் அனுமதி பற்றி அதே பத்திரத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மைனர் சொத்தை விற்க அனுமதி வாங்கியிருந்தால் மனு எண்ணும் உத்தரவுத் தேதியும் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். அந்த எண்ணை வைத்து நகல் மனு போடலாம். கட்டு அழிந்து போயிருந்தாலும் அந்த ஒரு வரியாவது உங்களிடம் இருக்கும். பீரோவில் பத்திரமே இல்லையா? சரி, சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.