கேபிளுக்குள் ஏறிவரும் வாயு: திறந்துவிடுவதா, அடைப்பதா, காற்றால் தள்ளுவதா?

மும்பை செம்பூரில், எண்ணெய்த் துறையில் மின்பணி பார்க்கும் தமிழர்கள் சிலர் சந்தித்துக்கொள்ளும்போதெல்லாம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. எண்ணெய்க் கிணற்றருகே, உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி ஒன்றைப் பொருத்தியாகிவிட்டது என்றால், அதற்கு முன்னால் வாயு வெளியேறுவதற்கென்று வலையிட்ட இன்னொரு பெட்டி எதற்கு என்பதே அது. கேட்பவர்கள் அனுபவசாலிகள், கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இரண்டு பெட்டிகளும் ஒரே வேலையைச் செய்பவை என்ற எண்ணத்தில் பிழை உள்ளது.

கிணற்றின் அடியில், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், மின்மோட்டாரோடு சேர்ந்த நீர்மூழ்கி பம்பு எண்ணெயை மேலே தள்ளுகிறது. ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா சென்ற பொறியாளர் அருத்துனோவ் உருவாக்கி, 1920களில் எண்ணெய்க் கிணறுகளில் பயன்பாட்டுக்கு வந்த இந்த முறைக்கு, கிணற்றின் முழு நீளத்துக்கும் இறங்கும் மின்கேபிள் தேவை. அந்தக் கேபிள் அடியில் பேரழுத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. வாயு அதன் காப்புறைக்குள் மெல்லப் புகுந்து, செம்புக் கம்பி பல இழைகளாக முறுக்கப்பட்டிருந்தால் இழைகளுக்கிடையிலுள்ள இடைவெளி வழியாகவும், அழுத்தம் குறைந்த மேல்முனையை நோக்கி நகர்கிறது. மேலே வந்த பிறகும் அது நிற்பதில்லை. வழி கிடைத்தால் கேபிளுக்குள்ளேயே பயணம் செய்து சுவிட்ச்போர்டு வரை போய்விடும். பொறி பறக்கும் தொடுமுனைகளும் சூடேறும் பாகங்களும் இருக்கும் அந்த இடத்துக்கு வாயு போகக்கூடாது என்பதே இங்குள்ள முழுச் சிக்கலும். மீத்தேன் காற்றோடு ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பற்றும், பற்றவைக்க 0.3 மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும்.

முதல் வழி, வாயுவைத் திறந்துவிடுவது. கிணற்றுத் தலைக்கும் சுவிட்ச்போர்டுக்கும் நடுவில், திறந்த வெளியில், தரையிலிருந்து சற்று உயர்த்தி, மழைநீர் புகாத ஆனால் வலையிட்ட திறப்புகளால் காற்றோட்டமுள்ள ஜங்ஷன் பாக்ஸ் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) ஒன்றை வைப்பார்கள். கிணற்றிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி வைக்கும்படி கையேடுகள் பரவலாகச் சொல்கின்றன. கிணற்றுக் கேபிள் இந்தப் பெட்டியில் முடிகிறது. அங்கிருந்து வேறொரு கேபிள் தொடங்குகிறது. உறை சீவப்பட்டு, வெறும் செம்பு முனையத்தில் இறுக்கப்படும் அந்த முறிவில்தான் பெட்டியின் பயனெல்லாம் இருக்கிறது, ஏனெனில் இழைகளுக்குள் ஒளிந்து வரும் வாயுவும் அங்கே காற்றில் கலந்துவிடும். இணைப்பு வேலை மிச்சம் என்று கேபிளை வெட்டாமல் பெட்டி வழியே நேராக இழுத்துச் சென்றால், பெட்டி இருந்தும் இல்லாததாகிவிடும்.

இந்த வழியின் பலம் எளிமை: நகரும் உறுப்பில்லை, காற்றழுத்தம் தர வேண்டியதில்லை, மின்சாரம் போனாலும் அது தன் வேலையைச் செய்யும். பலவீனமும் அதே எளிமையில் இருக்கிறது, ஏனென்றால் திறப்பைக் கண்டாலே அடைக்க நினைப்பவர்கள் உண்டு. பருவமழைக்கு முன்னால் ஆய்வுக்குச் சென்ற ஓரிடத்தில், தண்ணீர் புகக்கூடாதென்ற நல்லெண்ணத்தில் யாரோ வலைகளின் மேல் சிலிக்கான் பூசி வைத்திருந்ததை நான் பார்த்தேன். குளவிகளுக்கு அந்த நல்லெண்ணம்கூடத் தேவையில்லை. இரண்டு வாரத்தில் மண்கூடு கட்டிவிடுகின்றன.

இரண்டாம் வழி, அடைப்பது. இதில் ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி பற்றிய தவறான எண்ணமே பெரிது. இந்தப் பெட்டி வாயுவை உள்ளே விடாமல் தடுப்பதில்லை. வாயு உள்ளே வரலாம், வெடிக்கவும் செய்யலாம். அந்த வெடிப்பின் சுவாலை மூடிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் குளிர்ந்துபோய், வெளியிலுள்ள வாயுவைப் பற்றவைக்காமல் அடங்கும் என்பதே அதன் உறுதிமொழி. அந்த உறுதிமொழியும் வெளிக்காற்றின் அழுத்தத்தில், அதாவது 80 முதல் 110 கிலோபாஸ்கல் வரையிலான சூழலில், வெளியிலிருந்து வந்து சேரும் வாயுவுக்குத்தான் சோதித்துத் தரப்படுகிறது. கேபிள் வழியாகப் பெட்டிக்குள்ளேயே வாயு ஊறி வந்து உள்ளழுத்தம் ஏறினால் கணக்கு மாறுகிறது, ஏனெனில் வெடிப்பின் உச்ச அழுத்தம் தொடக்க அழுத்தத்துக்கு ஏற்றாற்போல் உயரும். தொடக்கத்தில் இரு மடங்கு இருந்தால் முடிவிலும் ஏறத்தாழ இரு மடங்கு. சான்றிதழ் அதற்குப் பொறுப்பேற்காது.

இன்னொன்றும் உண்டு. பெட்டி முழுவதும் வாயுவே நிறைந்திருந்தால் அது தீப்பற்றாது, எரியப் போதிய காற்று அதில் இல்லை. கேபிளின் காப்புறை பழுதில்லாமல் இருக்கிறதா என்று அளக்கத் தொழிலாளி மூடியைத் திறக்கும்போது வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவை 15 சதவீதத்துக்கும் 5 சதவீதத்துக்கும் இடைப்பட்ட பகுதியைக் கடந்துதான் தெளிகிறது. அடைத்த பெட்டியில் ஆபத்து, திறக்கும் கைக்காகக் காத்திருக்கிறது. (பம்பை நிறுத்திய பின் குழாயிலுள்ள திரவம் கீழிறங்கி மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றினால் அதுவே மின்சாரம் உண்டாக்கும் என்பதையும், சுவிட்சை அணைத்ததை மட்டும் நம்பித் திறப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.)

அடைப்பதற்குச் சரியான இடம் ஒன்று உண்டு, அது கிணற்றுத் தலை. பழைய முறையில் கேபிள் ரப்பர் அடைப்பு வழியாக முழுசாக வெளியே வரும். அந்த ரப்பர் கேபிளின் வெளிப்புறத்தை அடைக்குமே தவிர உட்புறத்தை அடைக்காது. புதிய வகைப் பெனட்ரேட்டரில், அதாவது மின்சாரத்தைக் கிணற்றுத் தலை வழியே கடத்தும் அடைப்புள்ள இணைப்பில், மின்சாரம் கெட்டியான செம்புத் தண்டு வழியே வெளியேறுவதால் இழை வழிப் பாதை அங்கேயே அறுபடுகிறது. விலை கூடுதல், ஆனால் கொடுக்கத் தகுந்த விலை. சுவிட்ச்போர்டு முனையில் போடும் எப்பாக்ஸி நிரப்பிய பேரியர் கிளாண்டை (கேபிள் நுழையும் இடத்தை அடைக்கும் பூட்டை) நான் இரண்டாவது காவலாக மட்டுமே ஏற்பேன். அது மூன்று கம்பிகளுக்கு இடையிலுள்ள வெளியை அடைக்கும்; ஒவ்வொரு கம்பிக்குள்ளும் இருக்கும் வெளியை அடைக்காது.

மூன்றாம் வழி, பெட்டிக்குள் சுத்தமான காற்றைச் சற்றே கூடுதல் அழுத்தத்தில் நிரப்பி வெளிவாயுவைத் தள்ளி வைப்பது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் போன்ற பெரிய அலமாரிகளுக்கு இது பொருத்தம். கிணற்று ஜங்ஷன் பாக்ஸுக்குப் பொருந்தாது, ஏனெனில் இங்கே வாயு உள்ளிருந்தே வருகிறது. சர்வதேச தரத்தின்படி, கடுமையான வகைகளுக்கு உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைந்தது 50 பாஸ்கல் கூடுதலாக இருக்க வேண்டும். மின்சாரம் கொடுக்கும் முன் பெட்டியின் கொள்ளளவைப்போல் ஐந்து மடங்கு காற்றை உள்ளே ஓடவிட வேண்டும். 3 கன மீட்டர் அலமாரிக்கு மணிக்கு 30 கன மீட்டர் காற்று கிடைத்தால், ஒவ்வொரு முறை திறந்து மூடிய பிறகும் அரை மணி நேரக் காத்திருப்பு. தொலைவிலுள்ள கிணற்றுத் திடலில் கம்ப்ரசரே இல்லாதபோது இதைப் பேசிப் பயனில்லை.

வாயுவின் குணமும் தேர்வை மாற்றும். மும்பையில் குழாய் எரிவாயு வரும் வீடுகளில் கசிவு மேலே போகிறது, சிலிண்டர் வீடுகளில் தரையில் தேங்குகிறது. கிணற்று வாயுவில் காற்றைவிட இலேசான மீத்தேனோடு கனமான புரோப்பேனும் கலந்து வரலாம் என்பதால், வலை பெட்டியின் மேற்பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது, கீழ்ப்பக்கத்திலும் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் கிணறுகளில் திறந்துவிடும் முறையே தீங்காகலாம். 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவிலேயே உயிருக்கு உடனடி ஆபத்து. ஏறத்தாழ அந்த அளவில் மூக்கு வாசனையை உணரும் திறனையும் இழந்துவிடுகிறது. அங்கே கெட்டித் தண்டுப் பெனட்ரேட்டர், ஈய உறையிட்ட கேபிள், வாயு உணர்கருவி ஆகியவற்றைப் பொருத்திய பின்னரே வாயுவைத் திறந்துவிடுவது பற்றிப் பேசுவேன்.

ஆகவே ராஜஸ்தானின் பார்மேர் போன்ற விரிந்த நிலத்தில், ஹைட்ரஜன் சல்பைடு இல்லாத கிணறு என்றால், கெட்டித் தண்டுப் பெனட்ரேட்டரும் திறந்த ஜங்ஷன் பாக்ஸும் சேர்ந்தே என் தேர்வு. நிலக்கிணறுகள் சட்டப்படி சுரங்கங்கள் என்பதால் அங்கே தன்பாத்திலுள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் விதிகள் செல்லும். மும்பைக்கு அப்பால் கடலிலுள்ள மும்பை ஹை எண்ணெய் வயலின் மேடை போன்ற இடத்தில் 15 அடி என்பதே ஆடம்பரம். கிணறுகள் நெருக்கமாக நிற்கின்றன, மேலே இன்னொரு தளம் இருக்கிறது. கடற்பணிகளுக்கு 2008ஆம் ஆண்டின் தனி விதிகள் பொருந்துகின்றன. அங்கே பெட்டியிலிருந்து வாயுவைச் சிறு குழாய் வழியே பாதுகாப்பான இடத்துக்கு, காற்றின் போக்கு பார்த்து, கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்தக் குழாய் முழுவதும் ஒரே சரிவில் இருக்க வேண்டும். எங்காவது தொங்கி வளைந்தால் அந்த வளைவில் மழைநீர் தேங்கும். 10 சென்டிமீட்டர் நீரே ஏறத்தாழ 1000 பாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் அடைப்பு ஆகும்.